கேட்டு வந்தது, கூட வந்தது

ஒன்பதாம் பதிப்பு வந்து நாலாவது நாள் நவநீதனுக்குத் தண்ணீர் இறங்கவில்லை.

"பாருங்க தம்பி," என்று அவர் மனைவி சௌந்தர்யா என் மேசைக்கு முன்னாலேயே அவருக்கு ஒரு மடக்குக் கொடுத்தார். அவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் மனசுக்குள் எண்ணினேன். எட்டு எண்ணி முடித்தபிறகுதான் தொண்டை அசைந்தது. அதற்குள் மனுஷனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தோளில் கிடந்த துண்டால் துடைத்துக்கொண்டு, "உங்களுக்கு வே... வே... வேலை வெச்சுட்டேன் தம்பி," என்றார்.

விழுங்க முடியாமல் தவிக்கிறவரும் அவர்தான், மன்னிப்புக் கேட்கிறவரும் அவர்தான். நவநீதன் அண்ணன் எப்போதும் அப்படி. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சோதனைக்கு வருவார். வரிசையில் யாராவது முண்டியடித்தால் சிரித்துக்கொண்டே வழி விடுவார். நாள் பூராவும் வசவு வாங்குகிற எனக்கு அவர் முகத்தைப் பார்த்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

நான் யுகேந்திரன். கோயமுத்தூர் கணபதியில் ஒரு கிரைண்டர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது எங்கள் சேவை மையம். பக்கவாதம் வந்தவர்களின் காதுக்குப் பின்னால் ஒரு பெட்டியைப் பதித்து, மூளையில் செத்துப்போன பகுதியின் வேலையை அந்தப் பெட்டியைச் செய்யவைப்பது எங்கள் தொழில். பதிப்பது டாக்டர். அதற்கப்புறம் ஆயுசுக்கும் மாரடிப்பது நான். கம்பெனி பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் வேலை போய்விடும். அந்த வாரம் கம்பெனி யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் எல்லாப் பெட்டிக்கும் ஒன்பதாம் பதிப்பு இயங்குதளத்தை அனுப்பியிருந்தது. எட்டில் என்ன குறை என்று அந்த மகராசர்கள் ஒருத்தரும் சொல்லவில்லை. நவநீதன் அண்ணன் அந்த வாரத்தில் எனக்கு முப்பத்தோராவது ஆள்.

காதுக்குப் பின்னால் வயரை மாட்டித் திரையைப் பார்த்தேன். நினைத்தது சரிதான்.

"மேஸ்திரி படுத்துட்டாருங்கக்கா," என்றேன்.

"எந்த மேஸ்திரி?"

"பொட்டிக்குள்ள விழுங்கறதுக்கு ஒரு ஆளு, பேசறதுக்கு ஒரு ஆளு, காலுக்கு ஒரு ஆளுன்னு தனித்தனியா புரோகிராம் இருக்குது. தொகுப்புன்னு சொல்லுவோம். எந்தத் தொகுப்பை உள்ள விடறது, எதை வெளிய அனுப்பறது, யாருக்கு யாரு துணைக்கு வேணும், இதையெல்லாம் பாத்துக்கறதுக்கும் ஒரு புரோகிராம் இருக்குது. அதைத்தான் நாங்க மேஸ்திரிம்போம்."

"அவரு இப்ப வேலைக்கு வரலையாக்கும்?"

"வந்திருக்காரு. ஆனா அவரு கையில இருக்கற ஆள் பதிவேடு எட்டாம் பதிப்புல எழுதுனது. ஒன்பதுக்கு அதைப் படிக்கத் தெரியலை. அதனால பாதி ஆளைப் புதுசா மாத்திட்டு, பாதியில அப்படியே நின்னுட்டாரு. புதுசு சொல்றது பழசுக்குக் கேக்கறதில்லை. அதான் தொண்டையும் திணறுது, பேச்சும் திக்குது."

"இப்படியே விட்டா?"

"இன்னும் நாலஞ்சு நாள்ல சுத்தமா இறங்காதுங்க. தூக்கத்துல எச்சில் புரையேறினாலே ஆபத்து."

சௌந்தர்யாக்கா கணவரின் முதுகைத் தடவிக் கொடுத்தார். "சரி பண்ணிரலாமா தம்பி?"

"அரை மணி வேலைங்கக்கா," என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

பழைய பதிவேட்டை வெளியே எடுத்து, புதிய வடிவத்துக்கு மாற்றி, விடுபட்ட வரிகளைக் கையால் எழுதி, மறுபடி உள்ளே வைத்தேன். அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை. மேஸ்திரி எழுந்தார். எழுந்தவர் முதல் காரியமாக ஒரு பட்டியலை நீட்டினார். கீழ்க்கண்ட பதினெட்டுத் தொகுப்புகளை யாரும் கேட்கவில்லை, இடம் போதாது, நீக்கலாமா என்று கேட்டார். விழுங்குதல், சமநிலை, பேச்சு, சொல் தேடல், வலது கால், வலது கை என்று இறங்கிக்கொண்டே போனது பட்டியல். அவர் உடம்பில் பெட்டி செய்கிற அத்தனை வேலையும் அதில் இருந்தது. 'இல்லை' என்று தட்டினேன். மேஸ்திரி மறுபடி படுத்துவிட்டார். எட்டாம் பதிப்பில் 'இல்லை' என்றால் சரி என்று மற்ற வேலையைப் பார்ப்பார். ஒன்பதில் அந்த மரியாதையையும் பிடுங்கிவிட்டார்கள்.

பதிப்பை மாற்றிய புண்ணியவான்களை மட்டும் திட்டிப் பிரயோஜனம் இல்லை. இதில் என் கையும் இருக்கிறது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரிகளில் கிரேன் ஓட்ட ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார்கள். பக்கவாதம் வந்து படுத்த பழைய கிரேன்காரனை எழுப்பி உட்காரவைப்பது, புது ஆளைப் பழக்குவதைவிடச் சுலபம் என்று யாரோ கண்டுபிடித்தார்கள். ஃபவுண்டரியே செலவை ஏற்றது. எங்களுக்கு ஒரு நாளைக்கு எட்டுப் பேர். முறைப்படி என்றால் ஒவ்வொரு தொகுப்பையும் பெயர் சொல்லிக் கேட்டு, குடும்பத்தாரிடம் விளக்கி, ஒவ்வொன்றாகப் பதிய வேண்டும். ஓர் ஆளுக்கு அரை நாள் ஆகும். நாங்கள் அதற்கு ஒரு குறுக்கு வழி வைத்திருந்தோம். ஒத்தை வரி என்று பெயர். 'கிரேன் ஓட்டுநர்' என்ற வேலைத் தொகுப்பை மட்டும் கேட்டால் போதும். கிரேன் ஓட்டக் கை வேண்டும், ஏணி ஏறக் கால் வேண்டும், கீழே நிற்பவனுக்குக் குரல் கொடுக்கப் பேச்சு வேண்டும். எல்லாவற்றையும் மேஸ்திரியே தேடிப்பிடித்துக் கூட்டி வந்துவிடுவார். 'ஆம்' என்று ஒரு தட்டு. டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஆள் தயார். கோயமுத்தூர் பூராவும் இப்படித்தான் செய்தோம், இதில் யார் வேகம் என்று எங்களுக்குள் போட்டி வேறு.

அதில் ஒரு சின்ன விஷயம். நாம் பெயர் சொல்லிக் கேட்ட தொகுப்புக்கு எதிரே மேஸ்திரி 'கேட்டு வந்தது' என்று குறித்துக்கொள்வார். அது இழுத்துக்கொண்டு வந்தவற்றுக்கு எதிரே 'கூட வந்தது' என்று குறிப்பார். கேட்டு வந்தது போய்விட்டால் கூட வந்ததற்கு அங்கே வேலை இல்லை. இது எங்களுக்குத் தெரியும். வேலை எங்கே போகப்போகிறது என்று நினைத்தோம்.

போன வருஷம் நவநீதன் அண்ணன் கிரேன் ஓட்டிய ஃபவுண்டரியும் மற்ற ஃபவுண்டரிகளைப் போலவே ஆளில்லாமல் ஓடுகிற கிரேனுக்கு மாறிவிட்டது. 'கிரேன் ஓட்டுநர்' தொகுப்பை வாங்க நாதியில்லை. ஒன்பதாம் பதிப்பில் அதைத் தூக்கி எறிந்துவிட்டார்கள். ஆக, நவநீதன் அண்ணனின் தொண்டையும் நாக்கும் காலும் கையும், யாரோ ஒருத்தனுக்காக வந்து, அவன் போனபிறகும் வீட்டைக் காலி செய்யாமல் இருக்கிற ஆட்கள். மேஸ்திரி பார்வையில் அவ்வளவுதான்.

இதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொன்றையும் இப்போதாவது 'கேட்டு வந்தது' என்று மாற்றிவிடலாம். கையெழுத்து வாங்க வேண்டும், அது ஒன்றும் பெரிய காரியமில்லை. நான் நிம்மதியாகப் பட்டியலை மறுபடி படித்துக்கொண்டு வந்தேன். கடைசி வரிக்கு வந்ததும் கை நின்றுவிட்டது.

பதினெட்டாவது தொகுப்பின் பெயர் 'நிதானம்'.

மூன்று டன் உருகின இரும்பைத் தலைக்கு மேல் தொங்கவிட்டு ஓட்டுகிறவன் கோபக்காரனாக இருக்கக் கூடாது என்று இன்சூரன்ஸ்காரர்கள் போட்ட நிபந்தனை அது. கோபம் மூளையில் கிளம்பும்போதே பெட்டி அதைப் பிடித்து அமுக்கிவிடும். ஒத்தை வரியில் அதுவும் வந்திருந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. பட்டியலைப் படித்தால்தானே சொல்வதற்கு.

"அக்கா, சித்த வெளிய வாங்க," என்றேன்.

மாடிப்படி முனையில் நின்றோம். கீழே கடையில் யாரோ ஒரு கிரைண்டரை ஓட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். சௌந்தர்யாக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"கல்யாணமாகிப் பதினேழு வருசம் அடி வாங்கினேன் தம்பி," என்றார். "சோத்துல கல்லு இருந்தா அடி. பக்கத்து ஊட்டுக்காரன் வணக்கம் சொன்னா அடி. பொறவு இவருக்கு இழுத்துக்கிச்சு. பொட்டி வெச்சு எந்திரிச்சு வந்தவரு, வேற ஆளா வந்தாரு. ஒரு நாள் கொழம்புல உப்பே போடலை, வேணும்னே. சாப்பிட்டுட்டு நல்லாருக்குதுன்னாரு. நான் அடுப்படியில போய் உக்காந்து அழுதேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"மருதமலைக்கு எத்தனை செவ்வாக்கிழமை படி ஏறியிருக்கறேன் தெரியுங்களா? முருகன் கண்ணைத் தொறந்துட்டான்னு ஊரெல்லாம் சொன்னேன். செத்துப் பொழச்சவருக்கு பொண்டாட்டி அருமை தெரிஞ்சுபோச்சுன்னு என்ற தங்கச்சிகிட்ட பெருமை பீத்தினேன்." சிரித்தார். பார்க்கச் சகிக்காத சிரிப்பு. "கடைசியில இன்சூரன்ஸ்காரன். என்னைக் காப்பாத்தோணும்னு அவன் நெனைக்கலை, இரும்பு சிந்தக் கூடாதுன்னு நெனச்சிருக்கறான்."

"எங்க தப்புத்தானுங்கக்கா. அன்னைக்கே சொல்லியிருக்கோணும்."

"சொல்லாம இருந்தீங்களே, அதுக்கே உங்களைக் கும்புடோணும். பதினோரு வருசம் நிம்மதியா தூங்கினேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி. மத்ததோட சேத்து அதையும் கேட்டு வந்ததுன்னு போட்டுருங்க. நான் கையெழுத்துப் போடறேன்."

இங்கேதான் சிக்கல். ஒன்பதாம் பதிப்போடு ஒரு சட்டமும் வந்திருந்தது. உடம்பு சம்பந்தப்பட்ட தொகுப்புகளுக்கு வீட்டில் பராமரிக்கிறவர் கையெழுத்துப் போட வேண்டும், ஏனென்றால் உடம்பு திணறுகிற நேரத்தில் நோயாளி சொல்வது பயத்தில் சொல்வதாக இருக்கலாம். குணத்தைத் தொடுகிற தொகுப்புக்கு மட்டும் அவரவரே சம்மதிக்க வேண்டும். அதுவும் அந்தத் தொகுப்பைப் பத்து நிமிஷம் நிறுத்திவைத்துவிட்டுக் கேட்க வேண்டும். பதில் அவர் தலைக்குள்ளிருந்தே பதிவாகும். நான் மாற்றி எழுத முடியாது. கேட்காமல் விட்டாலும் மேஸ்திரி எடுத்துவிடுவார். எடுத்தால் எடுத்ததுதான். பழைய பெட்டிகளுக்கான தொகுப்புகளைக் கிடங்கிலிருந்தே தூக்கிவிட்டார்கள், மறுபடி போட முடியாது.

இதையும் சொன்னேன்.

"அப்ப நிறுத்திப்போட்டு, அந்தப் பழைய ஆளுகிட்டப் போய், நீ நல்லவனா இருக்கறியான்னு கேக்கோணும்."

"ஆமாங்க."

"எந்த மவராசன் போட்ட சட்டம் இது?"

"அதுலயும் ஞாயம் இருக்குதுங்கக்கா. நம்மளைக் கேக்காம நம்ம குணத்தை மாத்தினா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை அப்படி.

"நீங்க வேணும்னா வெளியவே இருங்க," என்றேன்.

"இல்ல. நானும் இருக்கறேன். எனக்கும் அந்தாளுகிட்ட ஒண்ணு கேக்கோணும். பாத்து ரொம்ப நாளாச்சு."

உள்ளே போய் நவநீதன் அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "உங்களுக்கு எது ச... சரின்னு படுதோ செய்யுங்க," என்றார். அதை வைத்துப் பதிவு செய்ய முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தொகுப்பை நிறுத்தினேன். திரையில் பத்து நிமிஷம் ஓட ஆரம்பித்தது.

முதல் இரண்டு நிமிஷம் ஒன்றுமே நடக்கவில்லை. அப்புறம் அவர் உட்கார்ந்திருந்த விதம் மாறியது. முதுகு நிமிர்ந்தது. அறையைச் சுற்றிப் பார்த்தார், முதல் தடவை வந்தவர் மாதிரி.

"இதை யா... யாரு போட்டது?" என்றார்.

"வேலைத் தொகுப்போட கூட வந்ததுங்கண்ணா."

"நான் கேட்டனா?"

"இல்லீங்க."

"போட்டது நீதான?"

பதினோரு வருஷமாக 'நீங்க, வாங்க' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "ஆமாங்க," என்றேன்.

அவர் மூச்சை இழுத்து விட்டார். "கோவம் வரும். வந்தது எங்கியோ போயிரும். தும்மல் வர்ற மாதிரி வந்து நின்னுபோகுமே, அப்படி. வய... வயசாயிருச்சுன்னு நெனச்சேன். ஃபவுண்டரியில போன வருசம் என்னை வெளிய அனுப்பினானுங்க. முப்பது வருசம் அந்தப் புகையைக் குடிச்சவன் நான். மாலை போட்டானுங்க, போட்டுக்கிட்டேன். பல்லைக் காட்டிட்டு நின்னு போட்டோ எடுத்துக்கிட்டேன்." மேசையை இடது கையால் ஒரு குத்துக் குத்தினார். என் டம்ளர் உருண்டது. "அன்னைக்குக் கூட எனக்குக் கோவம் வரலை. என்ற கோவத்தை எடுக்கறதுக்கு நீ யாருடா?"

நியாயமான கேள்வி. அந்த நிமிஷத்தில் அவர் பக்கம்தான் நான் இருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சௌந்தர்யாக்கா நாற்காலியை அவர் எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "என்னைய அடிச்சதெல்லாம் ஞாபகம் இருக்குதுங்களா?"

"இல்லாம?"

"அது தப்புன்னு எப்பவாச்சும் தோணியிருக்குதா? இந்தப் பொட்டி சொல்லி இல்ல. உங்களுக்கா."

அவர் யோசித்தார். உண்மையிலேயே யோசித்தார் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் சட்டென்று பதில் வரவில்லை. மனைவி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் கூட ஒரு நல்ல வார்த்தை வந்துவிடும் என்று எதிர்பார்த்தேன்.

"நீ பேசுன பே... பேச்சுக்கு வேற எவனா இருந்தாலும் வெட்டியிருப்பான்," என்றார். "நானாயிருக்கக் கொண்டு அடிச்சதோட விட்டேன்." அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இந்தப் பதினோரு வருசம் நீ பேசுனதும் எனக்கு ஞாபகம் இருக்குது. ஒண்ணு விடாம. உப்பில்லாத கொழம்பும் ஞாபகம் இருக்குது."

சௌந்தர்யாக்கா தலையை அசைத்தார். அவ்வளவுதான். கடைத்தெருவில் விலை கேட்டுத் தெரிந்துகொண்டவர் மாதிரி எழுந்து நாற்காலியைப் பழைய இடத்தில் போட்டார்.

மூன்று நிமிஷம் பாக்கி இருந்தது. சட்டம் எழுதிக் கொடுத்த கேள்வியை நான் திரையைப் பார்த்து வாசித்தேன். தங்கள் குணத்தை மாற்றும் இந்தத் தொகுப்பைத் தாங்களே விரும்பிக் கேட்கிறீர்களா?

"வேண்டாம்," என்றார் நவநீதன். "என்ற கோவம் எனக்கு வேணும்."

பதிவாகிவிட்டது. மேஸ்திரி வேலை செய்யும்போது ஆள் தூங்க வேண்டும் என்பது விதி. படுக்கையில் சாய்த்து, தூங்கவைத்தேன். ஒரு நிமிஷத்தில் வாய் லேசாகத் திறந்துகொண்டு குறட்டை விட ஆரம்பித்தார். தூங்கும்போது பழைய நவநீதன் அண்ணன் மாதிரிதான் இருந்தார். எது பழைய நவநீதன் என்று எனக்கே குழம்பிப்போயிருந்தது.

"அக்கா, ஊருக்கு எங்கியாச்சும்... உங்க தங்கச்சி ஊட்டுக்குப் போயிருங்களேன்," என்றேன்.

"போறதா இருந்தா இருபத்தஞ்சு வயசுலயே போயிருப்பேன். இப்ப அம்பத்தி மூணு. தங்கச்சி புருசன் ரெண்டு நாள் வெச்சுக்குவாரு, மூணாவது நாள் பஸ் எத்தனை மணிக்குன்னு கேப்பாரு." கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். "எங்க கையெழுத்துப் போடோணும், காட்டுங்க."

தொடுதிரைப் பலகையை அவர் மடியில் வைத்தேன். பதினேழு வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பெருவிரலை வைத்தால் 'கேட்டு வந்தது' என்று மாறும். மற்றவர்கள் எல்லாம் படிக்காமல் மேலிருந்து கீழே விரலை இழுத்துக்கொண்டே போவார்கள். இவர் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"விழுங்கறது. இது வேணும்." விரலை வைத்தார். "இது என்ன தம்பி, சமநிலை?"

"நிக்கும்போது சாயாம இருக்கறதுக்குங்க."

"வேணும். விழுந்து இடுப்பை ஒடிச்சுக்கிட்டா நான்தான் தூக்கோணும்." வைத்தார். பேச்சுக்கு வந்ததும் கொஞ்சம் நின்றார். "பேசட்டும். காதை மூடிக்கறது என்ற பாடு." வைத்தார். வலது காலுக்கு யோசிக்கவே இல்லை. ஒன்றுக்கு இரண்டுக்குப் போக வேண்டுமே என்றார். சிறுநீர், கண் இமை, முகத்தின் வலது பாதி எல்லாவற்றுக்கும் வைத்தார். பலகையை என்னிடம் நீட்டினார்.

எண்ணிப் பார்த்தேன். பதினாறு.

"அக்கா, ஒண்ணு விட்டுப்போச்சு. பதினொண்ணாவது."

"விட்டுப்போகலை."

பதினொன்றாவது வரியில் வலது கை இருந்தது.

பலகையை அவரிடமே திருப்பி நீட்டினேன். "அக்கா, போனா திரும்பி வராதுங்க. ஆயுசுக்கும் தோள்லிருந்து தொங்கும்."

"சொன்னீங்கல்ல, தெரியும்."

"எழுதறது, சாப்பிடறது..."

"நான் ஊட்டி விடறேன். பொட்டி வெக்கறதுக்கு முன்னாடி ஆறு மாசம் நான்தான் ஊட்டினேன்." கண்ணாடியைக் கழற்றி மடித்தார். "அவரு கோவம் அவருக்கு வேணும்னாரு. வெச்சுக்கட்டும். அதை நான் கேக்கலை. இதையும் நான் கேக்கலை. கேக்காததை எடுத்துரும்னு நீங்கதான சொன்னீங்க?"

"இடது கை இருக்குதேங்கக்கா," என்றேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரைக்கும் தெரியவில்லை.

"அந்தக் கை எனக்குப் பழக்கமில்லை," என்றார். "சமாளிச்சுக்குவேன்."

நான் மறுத்திருக்கலாம். மேலதிகாரியைக் கேட்க வேண்டும், நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பியிருக்கலாம். அந்தக் கையை நானே ஏதாவது தில்லுமுல்லு செய்து பதிவேட்டில் நுழைத்திருக்கலாம், உடம்புத் தொகுப்புக்கு அது ஒன்றும் முடியாத காரியம் இல்லை. மேஸ்திரி காத்துக்கொண்டிருந்தார். இரண்டு தொகுப்புகளை யாரும் கேட்கவில்லை, நிதானம், வலது கை, நீக்கலாமா?

பதினோரு வருஷத்துக்கு முன்னால் படிக்காமல் 'ஆம்' போட்டவன் நான். இந்தத் தடவை இரண்டு தரம் படித்தேன். படித்துவிட்டு 'ஆம்' போட்டேன்.

சரியா தப்பா என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த மனுஷனுக்குக் கேட்காமல் ஒன்றைக் கொடுத்தேன், இப்போது கேட்காமல் ஒன்றை எடுத்தேன். இரண்டு தடவையும் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. ஆனால் சௌந்தர்யாக்கா முகத்தைப் பார்த்துக்கொண்டு 'இல்லை' என்று தட்ட எனக்குத் துணிவு வரவில்லை.

மேஸ்திரி கடகடவென்று வேலையை முடித்தார். பழசெல்லாம் புதுசானது. ஒரு பிழை இல்லை. அந்த வாரத்தில் இவ்வளவு சுத்தமாக எந்தப் பெட்டியும் எழுந்திருக்கவில்லை.

நவநீதன் கண் விழித்து, "தண்ணி," என்றார்.

சௌந்தர்யாக்கா டம்ளரை வாயருகே வைத்தார். மடக்கென்று இறங்கியது. இன்னொரு மடக்கு, அதுவும் இறங்கியது. அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். டம்ளரைத் தானே வாங்கிக்கொள்ளப் பார்த்தார். தோள் அசைந்தது, கை வரவில்லை. குனிந்து பார்த்தார். மறுபடி தோளை அசைத்தார். இடது கையால் வலது கையைத் தூக்கி, விட்டுப் பார்த்தார். அது தொப்பென்று மடியில் விழுந்தது.

மனைவியைப் பார்த்தார். சௌந்தர்யாக்கா கண்ணைத் தாழ்த்தவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, விழுந்த கையை எடுத்து மடியில் நேராக வைத்து, சட்டையை இழுத்துச் சரி செய்தார்.

அவர் என் பக்கம் திரும்பினார். "கை என்னடா ஆச்சு?"

"ஒன்பதாம் பதிப்புக்கு ஒத்துவரலைங்கண்ணா," என்றேன். "சில பேருக்கு அப்படி ஆகுது."

அவர் என்னைத் திட்ட ஆரம்பித்தார். என்னைப் பெற்றவளில் தொடங்கி, கம்பெனி, ஃபவுண்டரி, மாலை போட்டவன், போட்டோ எடுத்தவன் என்று ஒருத்தரையும் விடவில்லை. கிரைண்டர் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று படியேறி வந்து எட்டிப்பார்த்தார். நான் சோதனைத் தாளை நிரப்பிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன். அத்தனை நீள வசவில் ஒரு சொல்கூடத் திக்கவில்லை. பேச்சு என்ற இடத்துக்கு எதிரே 'சரி' என்று போட்டேன்.